எதன் மேல்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. 23 வயசாகி, ஆராய்ச்சி மாணவி என்று அடையாள அட்டையும் வாங்கிவிட்டவளை இன்னும் பாப்பா என்றா கூப்பிடுவாய் என்று உன் அப்பா கேலி செய்கிறான். எனக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை. பொறுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி போனில் நீ பேசியதைவிட மூக்கை உறிஞ்சியதுதான் அதிகம். எனக்குப் புரிந்தவரை நடந்தது இதுதான். செமினாரில் போர்டின் மேல் இரண்டு வளையங்களை எழுதியிருக்கிறாய், ஒன்றுக்குள் ஒன்று. அப்புறம் "இந்த மாடுல் புரொஜெக்டிவ், ஆகவே" என்று ஆரம்பித்திருக்கிறாய். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "எந்த வளையத்தின் மேல்?" அவ்வளவுதான். சாக்பீஸும் கையுமாக நின்றுவிட்டாய். யாரும் சிரிக்கவில்லை என்று நீயே சொன்னாய். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றும் சொன்னாய். கடைசியில், இந்த அல்ஜீப்ரா எல்லாம் எனக்கு வருமா அத்தை, பேசாமல் பேங்க் பரீட்சை எழுதிவிடட்டுமா என்று ஒரு கேள்வி.

பேங்க் பரீட்சை எழுதுவதில் ஒரு தப்பும் இல்லை. இந்தக் காரணத்துக்காக எழுதாதே.

நீயாவது வாயை மூடிக்கொண்டு நின்றாய். எம்.ஃபில். படித்தபோது நான் வாயைத் திறந்தேன். இதே மாதிரி இரண்டு வளையங்கள், இதே மாதிரி ஒரு கேள்வி. பெரிய வளையத்தின் மேல் புரொஜெக்டிவ் என்றால் சின்னதின் மேலும் அப்படித்தானே இருக்கும், பெரிய கடையில் செல்லுகிற நோட்டு சின்னக் கடையில் செல்லாதா என்று உதாரணம் வேறு சொன்னேன். வழிகாட்டி என்னைத் திட்டவில்லை. "விகிதமுறு எண்களை எடுத்துப் பாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். அவர் சொன்னது என்னவென்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதுதான் உறைத்தது. விகிதமுறு எண்கள் தங்கள் மேலேயே ஃப்ரீ. 1 என்ற ஒரே உறுப்பு பேஸிஸாகப் போதும். அதையே முழு எண்களின் மேல் வைத்துப் பார். 1 ஐப் பாதியாக்கலாம், அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கலாம், இதற்கு முடிவே இல்லை. முழு எண்களின் மேல் ஒரு ஃப்ரீ மாடுலில் அப்படி நடக்காது. அங்கே கெழுக்கள் எல்லாம் முழு எண்கள், பூஜ்யமல்லாத முழு எண்ணை எத்தனை தடவை பாதியாக்க முடியும்? ஃப்ரீ மாடுலுக்குள்ளேயே அடங்க முடியாதது அதன் பங்காக எப்படி ஆகும்? அந்த நோட்டுப் புத்தகத்தை நான் இரண்டு மாதம் திறக்கவில்லை. அந்த இரண்டு மாதம் வீண். உனக்கு அது வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதம்.

பங்கு என்று சொன்னேனே, அதை இன்னும் கொஞ்சம் விரிக்கிறேன். ஃப்ரீ மாடுல் என்றால் வெக்டார் வெளி மாதிரி பேஸிஸ் உள்ளது. புரொஜெக்டிவ் என்றால் அப்படி ஒரு ஃப்ரீ மாடுலைப் பாகம் பிரித்ததில் வந்த ஒரு பாகம். இன்னொரு பாகத்தோடு சேர்த்தால் முழுசாகிவிடும், தனியாக நின்றால் அதற்கென்று பேஸிஸ் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நம் தாத்தா வீட்டை நினைத்துக்கொள். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பார்த்தால் லட்சணமான வீடு. பெரியப்பா பாகத்தில் மாடி இருக்கிறது, மாடிப்படி சித்தப்பா பாகத்தில்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். அ ஒரு வளையம், அதை உள்ளடக்கிய பெரிய வளையம் ஆ என்று வைத்துக்கொள். அ மேல் ஒரு புரொஜெக்டிவ் மாடுலை டென்சர் போட்டு ஆ மேல் ஏற்றினால், அது அங்கேயும் புரொஜெக்டிவ். பாகப் பத்திரம் அப்படியே கூட வருகிறது. ஏறுவதற்கு ஒரு நிபந்தனையும் இல்லை. ஆ மேல் இருப்பதை அ மேல் இறக்கிப் பார்ப்பதென்றால், ஆ என்பதே அ மேல் புரொஜெக்டிவாக இருக்க வேண்டும். நான் தொலைத்தது இந்த நிபந்தனையைத்தான். ஏற்றிய பிறகு நன்றாக இருக்கிறது, ஆகவே ஏற்றுவதற்கு முன்பும் நன்றாக இருந்திருக்கும் என்று வாதிடுவது மூன்றாவது வகை. அதற்கு ஏற்றம் ஃபெய்த்ஃபுலி ஃப்ளாட்டாக இருக்க வேண்டும். முழு எண்களிலிருந்து விகிதமுறு எண்களுக்கு ஏறுவது ஃப்ளாட் மட்டும்தான். இரண்டே உறுப்புள்ள குழு அங்கே போனதும் பூஜ்யமாகக் கரைந்துவிடுகிறது. கரைந்தது புரொஜெக்டிவ்தான், கரைவதற்கு முன்னால் இருந்தது இல்லை.

விதிகளை எழுதிவிட்டேன், ஆனால் விதிகளைப் படித்து எனக்கு எதுவும் ஒட்டியதில்லை. எனக்கு ஒட்டிய உதாரணத்தைச் சொல்கிறேன். பென்சில் எடுத்துக்கொள். தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து நீளமாக ஒரு பட்டை வெட்டிக்கொள்.

எக்ஸ், ஒய் என்ற இரண்டு மாறிகளில் மெய்யெண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக் கோவைகளை எடு. எக்ஸ்² + ஒய்² = 1 என்று நிபந்தனை போடு. இதுதான் அ. இதன் ஒவ்வோர் உறுப்பும் வட்டத்தின் மேல் ஒரு சார்பு. (1, 0) என்ற புள்ளியில் பூஜ்யமாகிற சார்புகளை மட்டும் சேர்த்து ஒரு ஐடியலாக வை, அதன் பெயர் இ. எக்ஸ் − 1, ஒய் ஆகிய இரண்டும் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. ஒரே சார்பு தனியாக உருவாக்குமா? உருவாக்கினால்தான் இ ஃப்ரீ.

உருவாக்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சார்பு (1, 0) இல் பூஜ்யமாகும், வேறெங்கும் ஆகாது. ஒய் அதன் மடங்கு. ஒய் அந்தப் புள்ளியில் ஒற்றை மடிப்பாகத்தான் பூஜ்யமாகிறது, கீழே எதிர்க்குறி, மேலே நேர்க்குறி. ஆகவே நம் சார்பும் அங்கே குறி மாறியாக வேண்டும். இப்போது வட்டத்தை ஒரு சுற்று நடந்து வா. குறி ஒரே ஒரு தடவை மாறியிருக்கிறது, நீயோ புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறாய். ஆற்றை ஒரே தடவை கடந்தவள் புறப்பட்ட கரையிலேயே எப்படி நிற்பாள்? முடியாது. ஆகவே இ ஃப்ரீ இல்லை. காலண்டர் பட்டையின் ஒரு முனையை அரைத் திருப்பம் திருப்பி மறுமுனையோடு ஒட்டு. மோபியஸ் பட்டை. உன் கையில் இருப்பதுதான் இ. இந்த மாதிரிப் பட்டைகளும் புரொஜெக்டிவ் மாடுல்களும் ஒரே சங்கதியின் இரண்டு முகங்கள் என்று ரிச்சர்ட் ஸ்வான் 1962 இல் ஒரு கட்டுரையில் காட்டினார்.

புரொஜெக்டிவ்தானா என்று கேட்பாய். இ ஐ இ ஆல் பெருக்கிப் பார். ஒய்² என்பது (1 − எக்ஸ்)(1 + எக்ஸ்). பெருக்கலில் வருகிற எல்லாவற்றிலும் எக்ஸ் − 1 பொதுவாக வெளியே வந்துவிடும். உள்ளே மிஞ்சுகிறவற்றில் எக்ஸ் + 1, எக்ஸ் − 1 இரண்டும் உண்டு, அவற்றின் வித்தியாசம் 2, மெய்யெண்களில் 2 ஆல் தாராளமாக வகுக்கலாம். ஆக, இ × இ என்பது எக்ஸ் − 1 இன் மடங்குகள் அத்தனையும். வர்க்கம் இப்படி ஒற்றை உறுப்பால் உருவாகிவிட்டால் இ யும் இ யும் சேர்ந்து ஃப்ரீ ஆகிவிடும், பாகப் பத்திரம் சரியாக இருக்கிறது.

இப்போது ஏற்று. கெழுக்களாகக் கலப்பெண்களை அனுமதி, வேறு எதையும் தொடாதே. இசட் = எக்ஸ் + ஐ ஒய் என்று வை. எக்ஸ் − ஐ ஒய் என்பது 1/இசட். அதாவது வளையம் முழுவதும் இசட், 1/இசட் இரண்டிலும் எழுதக்கூடிய கோவைகள்தான். எக்ஸ் − 1 என்பது (இசட் − 1)²/2இசட். ஒய் என்பது (இசட் − 1)(இசட் + 1)/2ஐஇசட். இரண்டிலும் இசட் − 1 காரணியாக உட்கார்ந்திருக்கிறது பார். இசட் − 1 என்பதோ (எக்ஸ் − 1) + ஐ ஒய், அதுவும் நம்முடையதுதான். ஆக, ஏற்றப்பட்ட இ க்கு ஒற்றை உறுப்பு பேஸிஸ். ஃப்ரீ. பட்டையை யாரும் வெட்டவில்லை, ஒட்டைப் பிரிக்கவில்லை, வளையத்தைப் பெரிதாக்கினோம், திருப்பம் போய்விட்டது. கலப்பெண்களுக்கு நேர்க்குறி, எதிர்க்குறி என்று இரண்டு கரை கிடையாது அல்லவா, ஆற்றைக் கடக்காமல் சுற்றிக்கொண்டு போய்விடலாம்.

இதே கதை எண்களிலும் நடக்கிறது, அங்கே இன்னும் ஒரு தட்டு கூடுதல். முழு எண்களோடு √−5 ஐச் சேர். 6 ஐ 2 × 3 என்றும் (1 + √−5)(1 − √−5) என்றும் இரண்டு விதமாக உடைக்கலாம் என்று எம்.எஸ்ஸி.யில் படித்திருப்பாய். 2, 1 + √−5 இரண்டும் உருவாக்கும் ஐடியலை எடு. ஒற்றை உறுப்பு அதை உருவாக்க வேண்டுமென்றால், ஏதோ ஒரு வர்க்கமும் இன்னொரு வர்க்கத்தின் ஐந்து மடங்கும் சேர்ந்து 2 ஆக வேண்டும். ஆகாது. ஆனால் இது புரொஜெக்டிவ். டி என்ற உறுப்பை எடுத்து, (−டி, டி(1 − √−5)/2) என்ற ஜோடிக்கு அனுப்பு. பாதி வந்துவிட்டதே, வளையத்தை விட்டு வெளியே போய்விடுமோ என்று பயப்படாதே. டி இடத்தில் 2 போட்டால் 1 − √−5 வருகிறது, 1 + √−5 போட்டால் 3 வருகிறது. திரும்பி வர, முதலாவதை 2 ஆலும் இரண்டாவதை 1 + √−5 ஆலும் பெருக்கிக் கூட்டு. −2டி + 3டி. டி கிடைத்துவிட்டது. இந்த ஐடியல் ஒரு ஃப்ரீ மாடுலின் பங்கு என்பதற்கான முழு நிரூபணமும் 3 − 2 = 1 தான். இதை நான் முதன்முதலில் கையால் போட்டுப் பார்த்த நாளில் ஹாஸ்டல் வராந்தாவில் தனியாகச் சிரித்தேன்.

இந்த ஐடியலை வெறும் முழு எண்களின் மேல் வைத்துப் பார். 2, 1 + √−5 இரண்டும் பேஸிஸ், ஃப்ரீ. நடுத்தட்டில் தன் சொந்த வளையத்தின் மேல் ஃப்ரீ இல்லை. √2 ஐயும் சேர்த்துப் பெரிய களத்துக்குப் போய் அங்குள்ள இயற்கணித முழு எண்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால், இந்த ஐடியலின் வர்க்கம் 2 இன் மடங்குகள், √2 இன் வர்க்கமும் 2, ஆகவே ஐடியல் √2 இன் மடங்குகளாகவே மாறி மறுபடி ஃப்ரீ. கீழே ஃப்ரீ, நடுவில் இல்லை, மேலே ஃப்ரீ. பொருள் ஒன்றுதான். அந்தப் பின் பெஞ்சுக்காரர் உன்னை மடக்கக் கேட்கவில்லை, பாப்பா. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் உன் வாக்கியத்துக்கு அர்த்தமே இல்லை. புரொஜெக்டிவ், ஃப்ரீ, ஃப்ளாட், இன்டெக்ரல் என்று எந்தச் சொல்லை எழுதினாலும் பக்கத்தில் "எதன் மேல்" என்பதையும் எழுதிவிடு. போர்டில் இடம் இல்லாவிட்டால் மனசில் எழுது. (ஃப்ரீ என்ற சொல்லை வைத்துக்கொண்டு பெண்ணுக்குச் சுதந்திரம் எதன் மேல் என்று பிரசங்கம் செய்யலாம். என் தோழி ஒருத்தி பட்டிமன்றத்தில் செய்தே இருக்கிறாள். நான் செய்யப்போவதில்லை.)

நீ சொன்ன இன்னொன்றுதான் எனக்கு உறுத்தியது. உனக்குக் கொடுத்திருப்பது "சின்னப் பிரச்சினை", இரண்டு மாறிகள் மட்டும் வைத்த ஒரு தனி வகை, மற்றவர்களெல்லாம் பெரிய விஷயங்கள் செய்கிறார்கள் என்றாய்.

1955 இல் ழான்-பியேர் ஸேர் ஒரு நீண்ட கட்டுரையில் போகிற போக்கில் ஒன்றைக் கேட்டுவைத்தார். களத்தின் மேல் உள்ள பல்லுறுப்புக் கோவை வளையத்தில், முடிவுறு எண்ணிக்கையில் உறுப்புகளால் உருவாகும் புரொஜெக்டிவ் மாடுல் எல்லாம் ஃப்ரீதானா? ஒரு மாறி என்றால் பழைய பாடம், ஆம் என்று சொல்லிவிடலாம். மாறிகள் கூடினால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. 1958 இல் இரண்டு மாறிகளுக்கு ஆம் என்று நிரூபித்தவர் சி.எஸ். சேஷாத்ரி. 1932 இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர், சென்னை லயோலாவில் படித்து, பம்பாய் டாடா நிலையத்துக்குப் போனவர். அப்போது வயது 26. அவர் நிரூபித்தது உண்மையில் நம் விஷயம்தான். ஒவ்வோர் ஐடியலும் ஒற்றை உறுப்பால் உருவாகிற வளையம் ஒன்றோடு ஒரு மாறியைச் சேர்த்தால், அதன் மேலும் இத்தகைய புரொஜெக்டிவ் எல்லாம் ஃப்ரீ. ஒரு மாறி வளையத்தின் மேல் இன்னொரு மாறியை ஏற்றினால் இரண்டு மாறி வந்துவிடுகிறது.

இரண்டு மாறிதானே என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றா நினைக்கிறாய்? மூன்றாவது மாறிக்கு, அதுவும் இயற்கணித மூடிய களங்களுக்கு மட்டும், 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் செய்த இருவரில் ஒருவரான பவமான் மூர்த்தியும் டாடா நிலையத்தில் உருவானவர். எத்தனை மாறி ஆனாலும் ஆம் என்று 1976 இல் அமெரிக்காவில் டேனியல் க்வில்லெனும் லெனின்கிராடில் ஆந்த்ரே சுஸ்லினும் தனித்தனியாக நிரூபித்தார்கள். க்வில்லெனின் கட்டுரை ஐந்தே பக்கம். அந்த ஐந்து பக்கத்துக்கு ஒரு கால் 1964 இல் ஜெஃப்ரி ஹாரக்ஸ் நிரூபித்த ஒரு தேற்றம், லோக்கல் வளையத்தின் மேல் ஒரு மாறியைச் சேர்க்கும்போது என்ன ஆகிறது என்பது பற்றி. இன்னொரு கால் க்வில்லெனே கண்டது: ஒரு மாடுல் கீழ் வளையத்திலிருந்து ஏற்றப்பட்டதா என்பதை ஒவ்வோர் இடமாகச் சோதித்தால் போதும், எல்லா இடத்திலும் அப்படியென்றால் மொத்தமும் அப்படித்தான். 21 வருஷம் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது, இந்த மாடுல் எதன் மேலிருந்து வந்தது என்பதையே.

ஸேர் இதைக் கணிப்பு என்று சொல்லவில்லை, கேள்வியாகத்தான் வைத்தார். ஊர் அதை ஸேர் கணிப்பு என்று ஆக்கிவிட்டது. லாம் எழுதிய புத்தகத்துக்கு 1978 இல் அதுதான் தலைப்பு. 2006 இல் விரித்து எழுதியபோது ஸேரின் பிரச்சினை என்று மாற்றினார். உன் நூலகத்தில் இரண்டில் எது இருந்தாலும் எடு. முதல் அத்தியாயங்களை மட்டும், பென்சிலோடு, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம்.

சேஷாத்ரி பின்னாளில் 1989 இல் சென்னையில் தொடங்கியதுதான் இன்று சிறுசேரியில் இருக்கிற கணிதக் கழகம். கர்னாடக சங்கீதம் நன்றாகப் பாடுவார். 2020 இல் காலமானார். பரிமளாவையும் தெரிந்துகொள். சென்னை ஸ்டெல்லா மாரிஸில் படித்து டாடா நிலையத்துக்குப் போனவர். க்வில்லெனும் சுஸ்லினும் ஆம் சொன்ன அதே 1976 இல் அவர் ஓர் இல்லையைக் கண்டுபிடித்தார். மெய்யெண்களின் மேல் இரண்டு மாறிகள். மாடுலோடு ஒரு இருபடி வடிவத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டால், மாடுல் ஃப்ரீயாக இருந்தாலும், அந்த வடிவம் மெய்யெண்களிலிருந்து ஏற்றப்பட்டதாக இல்லாமல் போகலாம். இங்கேயும் இரண்டே மாறிதான். 2010 இல் ஹைதராபாத்தில் உலகக் கணித மாநாடு நடந்தபோது அவர் பிரதான உரை நிகழ்த்தினார்.

அடுத்த தடவை போர்டின் முன்னால் கேள்வி வந்தால், "ஒரு நிமிஷம், யோசிக்கிறேன்" என்று சொல். அதைச் சத்தமாகச் சொல்ல எனக்குப் பத்து வருஷம் பிடித்தது, சொன்ன பிறகு யாரும் என்னைக் கடித்துத் தின்றுவிடவில்லை. தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுக் கேள்வியை நோட்டில் குறித்துக்கொள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலைந்து உதாரணங்களை நிரந்தரமாக எழுதிவை. வட்டமும் √−5 உம் என்னிடமிருந்து. எந்தத் தேற்றத்தைப் படித்தாலும் முதலில் அவற்றின் மேல் ஓட்டிப் பார். பொய்யான கூற்றுகளில் பாதி அங்கேயே விழுந்துவிடும்.

மூன்றாவது உதாரணத்தை நீயே போடு. இந்தத் தடவை வட்டம் இல்லை, உருண்டை. எக்ஸ்² + ஒய்² + இசட்² = 1 (இங்கே இசட் மூன்றாவது மாறி, பழைய இசட்டோடு குழப்பிக்கொள்ளாதே). முதல் வரிசை எக்ஸ், ஒய், இசட் என்று வைத்து, மீதி இரண்டு வரிசையை நிரப்பி, அணிக்கோவை 1 ஆகும்படி ஒரு 3 × 3 அணியை அமைக்க வேண்டும். மெய்யெண் கெழுக்களோடு அது முடியவே முடியாது. முடிந்தால் உருண்டையின் மேல் முழுக்க முடி முளைத்திருந்தாலும் சுழியே விழாமல் வாரிவிடலாம் என்று ஆகும். உன் பாட்டி உனக்கு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் இரட்டைச் சுழி என்று குறைப்பட்டுக்கொண்டது நினைவிருக்கிறதா? கலப்பெண்களுக்கு ஏற்றினால் மட்டும் அந்த அணி கிடைத்துவிடுகிறது. மூன்று வரியில் எழுதிவிடலாம், பாதி இடத்தில் 0, 1 தான். (எக்ஸ் + ஐ ஒய்)(எக்ஸ் − ஐ ஒய்) + இசட்² எவ்வளவு என்று பார்த்துவிட்டு ஆரம்பி. இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

பொங்கலுக்கு வரும்போது அந்த அணியை எழுதிக்கொண்டு வா. உனக்காக அதிரசத்துக்கு வெல்லம் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த வருஷம் பாகு பதம் தப்பாமல் வர வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போன் பண்ணினாலும் நான் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அத்தை